பழைய பூங்காவும் கைதடியும்



யாழ்ப்பாணப் பட்டினத்திலே கண்டி வீதி வழியாகச் சுண்டுக்குளிப் பக்கம் செல்பவர் எவரும் பழைய பூங்காவைக் காணாமற் போவதில்லை. அந்தச் சோலையை உண்டாக்கியவர் பேர்சிவல் அக்லன்ட் டைக் என்னும் ஆங்கிலேய அதிகாரி. 19ஆம் நூற்றாண்டிலே ஏறத்தாழ நாற்பதாண்டு காலம் வடபகுதியின் நிருவாகத்தைத் தம் கையில் வைத்திருந்தவர் அவர். வீதி வேண்டுமா, குளம் திருத்த வேண்டுமா, உடையார் மணியகாரர் நியமனம் வேண்டுமா, எல்லாம் அவர் வாயிலிற் சென்று நின்றே பெறவேண்டியிருந்தது. வடக்கின் இராசா என்றே அவரைக் கூறுவர். அந்த இராசாவுக்கு நமது மூதாதையருள் ஒருவரேனும் வாக்களித்தாரல்லர். கொழும்பிலிருந்தோர் அனுப்பினர், அவர் வந்தார், ஆண்டார்.

அதே பழைய பூங்கா வளவிலேதான் நம் காலத்தில் வட மாகாண ஆளுநரின் செயலகம் அமைந்தது. அங்கிருந்து அதே கண்டி வீதியில் இன்னுஞ் சில மைல் தூரம் சென்றால் கைதடி. அங்கே வட மாகாண சபையின் கட்டிடம். முதலாவது இடத்தில் இருப்பவர் நியமிக்கப்பட்டவர். இரண்டாவது இடத்தில் இருந்தவர்கள் மக்களால் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். இவ்விரண்டு இடங்களுக்கும் இடையிலே ஐந்தாண்டு காலம் அகப்பட்டு நின்ற ஒரு மனிதரின் வாழ்வைப் பற்றியே இன்று நாம் பேசப் போகின்றோம். வட மாகாணத்தின் முதலாவது முதலமைச்சராக இருந்த நீதியரசர் க. வி. விக்னேஸ்வரனே அவர்.

அவரைப் புகழ்வதற்காகவோ இகழ்வதற்காகவோ நாம் இதனை எடுத்துக்கொள்ளவில்லை. புகழ்ந்தோரும் இகழ்ந்தோரும் ஏற்கனவே வேண்டிய அளவு பேசிவிட்டனர். அவர் அமர்ந்த நாற்காலி எத்தகையது, அதிலே அமர்ந்தவர் செய்யக்கூடியது யாது, செய்யத் தவறியது யாது என்பதை நாம் கணக்குப் பார்க்கவேண்டும். மறுபடியும் ஒருநாள் அந்த நாற்காலிக்கு ஒருவரை அனுப்புமாறு நம்மிடம் வாக்குக் கேட்கப்படுமன்றோ? அப்போது நாம் வெறுங்கையுடன் நிற்கலாகாது.

நீதிமன்றத்திலிருந்து அரசியலுக்கு

விக்னேஸ்வரன் 1939ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். குடும்பத்தின் வேர் மானிப்பாயிலே. கொழும்பு றோயல் கல்லூரியிற் பயின்று, சட்டங் கற்று, பல ஆண்டுகள் சட்டத்தரணியாகத் தொழில் புரிந்து, 1979 இல் நீதிச் சேவையிலே சேர்ந்தார். மட்டக்களப்பு, சாவகச்சேரி, மல்லாகம் ஆகிய இடங்களின் நீதிமன்றங்களிலே அவர் கடமையாற்றிய நாட்களை நம்மிற் சிலர் இன்றும் நினைவிற் கொண்டிருப்பர். படிப்படியாக உயர்ந்து 2001 இல் நாட்டின் உயர் நீதிமன்ற நீதியரசரானார். பதவியேற்ற வேளையிலேயே தமிழர் நிலைபற்றி ஒளிவுமறைவின்றிப் பேசியவர் எனப் பெயர் பெற்றார். 2004 இல் ஓய்வு பெற்றார்.

சட்டமே வாழ்வாக இருந்த இம்மனிதரை, எழுபத்து மூன்றாம் வயதிலே, 2013ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அரசியல் அழைத்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் முதலமைச்சர் வேட்பாளராக மாவை சேனாதிராசாவை நிறுத்தவேண்டும் என்றோர் பலர். சிறைக்கும் போராட்டத்துக்கும் சென்றுவந்த தொண்டர் இருக்க, கட்சிக்கு வெளியிலிருந்து ஒருவர் எதற்கு எனக் கேட்டோர் இருந்தனர். தலைவர் இரா. சம்பந்தன் நீதியரசரையே தெரிந்தார். சட்டம் அறிந்தவர், சிங்களம் அறிந்தவர், கறைபடாத கையினர், உலகம் மதித்துக் கேட்கக்கூடியவர் என்பது அத்தெரிவின் நியாயம்.

2013 செப்டெம்பர் 21 நம் மண்ணில் மறக்கவொண்ணாத நாள். போர் முடிந்து நான்கே ஆண்டுகள். சந்திகளிலே படைமுகாம்கள். அச்சம் முற்றாக நீங்காத காலம். அன்று யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய ஐந்து மாவட்டத்து மக்களும் வரிசையில் நின்று வாக்களித்தனர். 38 ஆசனங்களில் 30 கூட்டமைப்புக்குக் கிடைத்தன. அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்கு 78 வீதத்துக்கு மேல் வீட்டுச் சின்னத்துக்கே விழுந்தன. யாழ்ப்பாண மாவட்டத்தில் விக்னேஸ்வரன் பெற்ற விருப்பு வாக்குகள் 132,255. அக்டோபர் 7ஆம் நாள் கொழும்பிலே சனாதிபதி முன்னிலையில் அவர் முதலமைச்சராகப் பதவிப்பிரமாணம் செய்துகொண்டார். அந்தப் பிரமாணம் யார் முன்னிலையிற் செய்யப்படவேண்டும் என்பதிலேயே கூட்டமைப்புக்குள் முதல் மனக்கசப்புத் தோன்றியது.

நாற்காலியின் அமைப்பு

இப்போது நாற்காலியைப் பார்ப்போம். சட்டத்தரணிகள் இங்கே இருக்கின்றீர்கள். உங்களுக்கு இது பழைய பாடம். ஆயினும் கமக்காரரும் அறியவேண்டியது ஆதலின் விளக்கமாகச் சொல்கின்றோம்.

1957 இல் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் பிரதேச சபைகள் பற்றிப் பேசியது. அடுத்த ஆண்டே கிழிக்கப்பட்டது. 1965 இல் டட்லி - செல்வநாயகம் ஒப்பந்தம் மாவட்ட சபைகள் பற்றிப் பேசியது. 1968 இல் கைவிடப்பட்டது. 1981 இல் வந்த மாவட்ட அபிவிருத்திச் சபைகள் பெயரளவில் வந்து பெயரளவிலேயே மறைந்தன. இறுதியாக 1987 இல் இந்திய - இலங்கை உடன்படிக்கையின் பின்னர் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும் மாகாண சபைகள் சட்டமும் வந்தன. வடக்கும் கிழக்கும் இணைந்த சபைக்கு 1988 இல் தேர்தல் நடைபெற்று, அது 1990 இல் முடிந்தது. 2006 இல் உயர் நீதிமன்றம் அவ்விணைப்புச் செல்லாது என்றது. ஆகவே வட மாகாணம் தனியாகத் தெரிந்தெடுத்த முதலாவது சபை 2013 இன் சபையே.

13ஆவது திருத்தம் மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரத்தை யாரிடம் கொடுக்கின்றது? முதலமைச்சரிடம் அன்று, ஆளுநரிடம். ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. அவர் விரும்பும்வரையே ஆளுநர் பதவியில் இருப்பார். முதலமைச்சரும் நான்கு அமைச்சரும் ஆளுநருக்கு உதவவும் ஆலோசனை கூறவும் இருப்பவர்கள். அந்த ஆலோசனைப்படியே ஆளுநர் நடக்கவேண்டும் என்று சட்டம் ஒரு கையாற் கொடுக்கின்றது. ஆளுநர் தம் தற்றுணிபின்படி செயற்படவேண்டிய விடயங்கள் நீங்கலாக என்று மறு கையால் எடுத்துவிடுகின்றது. எது தற்றுணிபுக்குரிய விடயம் என்று தீர்மானிப்பவர் யார்? அவரேதான்! அந்தத் தற்றுணிபையும் சனாதிபதியின் பணிப்பின்படியே அவர் பிரயோகிப்பார்.

இன்னுங் கேளுங்கள். சபை நிறைவேற்றும் நியதிச்சட்டத்துக்கு ஆளுநரின் சம்மதம் வேண்டும். பணச் செலவோடு தொடர்புடைய நியதிச்சட்டத்தைச் சபையிற் கொண்டுவருவதற்கே ஆளுநரின் சிபாரிசு முன்கூட்டி வேண்டும். மாகாண உத்தியோகத்தரை நியமித்தல், இடமாற்றல், ஒழுக்காற்று நடவடிக்கை எடுத்தல் ஆகிய அதிகாரங்களும் ஆளுநரைச் சார்ந்தவை. மாகாண அரசாங்கச் சேவை ஆணைக்குழுவை நியமிப்பவரும் அவரே. வீட்டுக்காரனுக்கு உறுதியை எழுதிக்கொடுத்துவிட்டுத் திறப்பைக் காவற்காரனிடம் கொடுத்து வைத்தது போன்றது இந்த ஏற்பாடு.

முதலமைச்சர் பதவியேற்றபோது ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜி. ஏ. சந்திரசிறி; 2009 முதல் அப்பதவியில் இருந்தவர். படைத்துறையைச் சாராத ஒருவரை நியமிக்க வேண்டும் என்று சபை கேட்டது. 2015 சனவரியில் ஆட்சி மாறியபின் ஓய்வுபெற்ற இராசதந்திரி எச். எம். ஜி. எஸ். பளிஹக்கார வந்தார், 2016 இல் றெஜினோல்ட் கூரே வந்தார். பழைய பூங்காவிலே முகம் மாறியது, மொழி கனிந்தது, மரியாதை கூடியது. இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் திறப்பு இடம் மாறவில்லை.

காணியும் நிதியும்

தேர்தல் முடிந்து ஐந்தாம் நாள், 2013 செப்டெம்பர் 26 அன்று, உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. மலைநாட்டுத் தோட்டக் காணி ஒன்றைப் பற்றி எழுந்த வழக்கு அது. அரச காணி மத்திய அரசுக்கே உரியது, அது மாகாண சபைக்கென ஒதுக்கிக் கொடுக்கும் அளவுக்கே மாகாணம் அதனைப் பயன்படுத்தலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். முதலமைச்சர் நாற்காலியில் அமருமுன்னரே அதன் ஒரு கால் அறுக்கப்பட்டுவிட்டது.

அதே ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் வலிகாமம் வடக்கிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் 6,381 ஏக்கர் தனியார் காணியைப் படைத்தேவைக்கெனச் சுவீகரிக்கும் அறிவித்தல்கள் மரங்களிலும் வேலிகளிலும் ஒட்டப்பட்டன. அது தரிசு நிலமா? இல்லை. வெங்காயமும் மரவள்ளியும் புகையிலையும் வாழையும் விளைந்த செம்மண் பூமி. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காணியுரிமையாளர் நீதிமன்றம் சென்றனர். சபை கண்டித்தது, முதலமைச்சர் எழுதினார், பேசினார். ஆயினும் 2015 முதல் பகுதி பகுதியாக அக்காணிகளிற் சில விடுவிக்கப்பட்டபோது, அதனை விடுவித்த கை கொழும்பின் கையாகவே இருந்தது. மக்கள் அயராது போராடினர். அரசு இரங்கியபோது இரங்கிற்று. மாகாண சபை நடுவிலே சாட்சியாக நின்றது.

நிதிக்கு வருவோம். புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் தாயகத்துக்கு உதவ ஆவலோடிருந்தனர். கணவனை இழந்த பெண்களுக்கும், போரில் அங்கவீனமுற்றோருக்கும், தொழிலற்ற இளைஞருக்கும் முறையாக உதவுவதற்கு முதலமைச்சர் நிதியம் ஒன்றைச் சட்டப்படி அமைக்க முயற்சி நடந்தது. வேறு மாகாணங்களில் உள்ளதுதான். ஆனால் வடக்குக்கு அதற்கான ஒப்புதல் அவரது காலம் முழுவதும் கிட்டவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

இதுவரை சொன்னது நாற்காலியின் குற்றம். இனிச் சொல்லப் போவது கேட்பதற்குக் கடினமானது. ஏனெனில் அது நம் குற்றம்.

தீர்மானமும் திட்டமும்

2015 பெப்ரவரி 10ஆம் நாள் சபை இனவழிப்புத் தீர்மானத்தை நிறைவேற்றியது. முதலமைச்சரே அதனை முன்மொழிந்தார். நம் இனத்தின் நெஞ்சிலே கிடந்த சொல்லை ஒரு சட்டபூர்வமான சபை எழுதி வைத்தது சிறுசெயலன்று. 2016 ஏப்பிரலில் சமஷ்டி ஆட்சி கோரும் யோசனைகளையும் சபை ஏற்றது. அதே ஆண்டு செப்டெம்பர் 24 இல் “எழுக தமிழ்” பேரணியில் ஆயிரமாயிரமாக மக்கள் திரண்டனர். இவற்றை நாம் போற்றுகின்றோம்.

ஆனால் ஐந்தாண்டு முடிவிலே எண்ணிப் பார்த்தால், நிறைவேறிய தீர்மானங்கள் நூற்றுக்கணக்கில். நியதிச்சட்டங்களோ அவற்றின் மிகச் சிறு பங்கே. தீர்மானம் என்பது நமது விருப்பத்தைக் கூறுவது. நியதிச்சட்டம் என்பது அதிகாரியின் கையைக் கட்டுவது. விவசாயம், கமநலம், கூட்டுறவு, உள்ளூர் நீர்ப்பாசனம், பாடசாலை, மருத்துவமனை ஆகியன மாகாணப் பட்டியலிலே உள்ளவை. ஆளுநர் தடுப்பார் என்பது மெய்யாயினும், ஒவ்வொரு துறையிலும் செப்பமான சட்டத்தை வரைந்து, அவர் முன் வைத்து, ‘இதோ மறுத்துப் பாருங்கள்’ என்று கேட்டிருக்கலாமன்றோ? மறுக்கப்பட்ட ஒவ்வொரு நியதிச்சட்டமும் நம் வழக்கிலே ஒவ்வொரு சான்றாக இருந்திருக்கும். எழுதப்படாத சட்டத்தை எவரும் மறுத்ததாகக் காட்டமுடியாது. வழக்குக்குச் சான்று எத்துணை முக்கியம் என்பதை ஒரு நீதியரசருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

நீர் விடயத்தை எடுத்துக்கொள்வோம். இரணைமடுக் குளத்து நீரைக் குழாய் வழியாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் ஒன்று இருந்தது. கிளிநொச்சிக் கமக்காரர், சிறுபோகத்துக்கே நீர் போதாதபோது குடிநீருக்கு எப்படிக் கொடுப்போம் என்றனர். யாழ்ப்பாணத்தார், எங்கள் கிணறுகள் உவராகின்றனவே என்றனர். இரண்டும் நியாயமே. தமிழனுக்கும் தமிழனுக்கும் இடையே எழுந்த இந்த வழக்கிலே சபை கமக்காரர் பக்கம் நின்று, கடல்நீரை நன்னீராக்கும் மாற்றுவழியைச் சுட்டியது. அந்த நிலையம் வடமராட்சி கிழக்குத் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. காலம் எடுத்தது, செலவும் எடுத்தது. ஆயினும் ஒரு பகுதியின் வயலை மறு பகுதியின் தாகத்துக்குப் பலியிடாமல் வழி காணப்பட்டது. சபை என்று ஒன்று இருந்தமையாலேயே கிளிநொச்சிக் கமக்காரரின் குரலுக்கு ஒரு மன்று கிடைத்தது என்பதை மறவாதீர்கள்.

ஆனால் சுன்னாகத்திலே நடந்தது வேறு. மின்னாலைப் பகுதியைச் சூழ்ந்த கிணறுகளிலே கழிவெண்ணெய் கலந்தது என்று மக்கள் ஓலமிட்டனர். சபை நிபுணர் குழு அமைத்தது. குழுவின் முடிவை ஒரு சாரார் ஏற்றனர், மறு சாரார் ஏற்கவில்லை. வாதம் சபைக்குள்ளும் வெளியிலும் நீண்டது. தீர்ப்பு எங்கிருந்து வந்தது? தென்னிலங்கையைச் சேர்ந்த சூழலியல் ஆர்வலர் ஒருவர் உயர் நீதிமன்றத்திலே தொடுத்த வழக்கிலிருந்து வந்தது. 2019 ஏப்பிரலில் அந்நீதிமன்றம் மின் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்தவேண்டும் என்றது. அவருக்கு நாம் நன்றி கூறவேண்டும். அதேவேளை, நம் கிணற்றுக்காக வழக்காட நம்மவர் முந்தவில்லையே என்று நாணவும் வேண்டும்.

வீட்டுக்குள் எழுந்த பூசல்

2015 டிசெம்பரில் தமிழ் மக்கள் பேரவை தோன்றியது. முதலமைச்சர் அதன் இணைத்தலைவர்களுள் ஒருவரானார். தம்மைத் தெரிந்தெடுத்த கூட்டமைப்பின் தலைமைக்கும் அவருக்கும் இடையே இருந்த வெடிப்பு அன்றிலிருந்து விரியலாயிற்று. 2017 யூன் மாதத்தில் அது உடைப்பெடுத்தது. அமைச்சர்மேற் சொல்லப்பட்ட முறைப்பாடுகளை விசாரிக்க அவர் நியமித்த குழுவின் அறிக்கையை அடுத்து, இரு அமைச்சரைப் பதவி விலகுமாறும் ஏனைய இருவரை விடுப்பில் நிற்குமாறும் யூன் 14 அன்று அவர் கேட்டார். அன்றிரவே 21 உறுப்பினர் அவர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணையைக் கொண்டுசென்று கொடுத்தனர். எங்கே கொடுத்தனர்? ஆளுநரிடம்! எந்த ஆளுநரின் அதிகாரம் மிகையானது என்று ஐந்தாண்டாகப் பேசினோமோ, அந்த ஆளுநரின் வாயிலிலே நள்ளிரவில் நம் பிரதிநிதிகளே போய் நின்றனர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. மக்கள் முதலமைச்சருக்கு ஆதரவாகத் தெருவில் இறங்கினர், சமரசம் ஏற்பட்டது, பிரேரணை மீளப் பெறப்பட்டது. காயம் ஆறவில்லை.

அதே ஆண்டு ஓர் அமைச்சரை முதலமைச்சர் நீக்கினார். நீக்கப்பட்டவர் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார். 2018 யூன் 29 இல் அந்நீதிமன்றம் அந்நீக்கத்தை இடைநிறுத்தி ஆணையிட்டது. அமைச்சரை நியமிப்பதும் நீக்குவதும் ஆளுநரின் கையில் உள்ளன என்பதே நீக்கப்பட்டவர் தரப்பு வாதம். இதனால் மாகாணத்தில் அமைச்சர் யார் யார் என்பதே பல மாதங்கள் தெளிவற்றிருந்தது. 132,255 வாக்குப் பெற்றவர் தம் அமைச்சரவையில் யார் இருப்பது என்பதைத் தாமே முடிவு செய்ய இயலவில்லை! நாற்காலியின் குற்றமும் நம் குற்றமும் ஒருங்கே வெளிப்பட்ட இடம் இது.

2018 அக்டோபரில் சபையின் ஆயுள் முடிந்தது. அக்டோபர் 24 அன்று அவர் தமிழ் மக்கள் கூட்டணி என்னும் புதுக் கட்சியை அறிவித்தார். 2020 ஆகஸ்டில் பாராளுமன்றம் சென்றார். 2024 பொதுத் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. சட்டத்திலே நாற்பதாண்டு, அரசியலிலே பத்தாண்டுக்குச் சற்று மேல். அவர் கைச்சுத்தமானவர் என்பதை எதிரிகளும் மறுத்தாரல்லர். ஆனால் நீதிமன்றத்திலே தீர்ப்புச் சொன்னவுடன் அதை நிறைவேற்ற ஆட்கள் இருப்பர். அரசியலிலே தீர்ப்புச் சொன்ன பின்னர்தான் வேலை ஆரம்பமாகின்றது. ஆட்களைச் சேர்க்கவேண்டும், அணைக்கவேண்டும், விட்டுக்கொடுக்கவேண்டும், மறுபடி கேட்கவேண்டும். அந்தக் கலையை அவருக்கு நாமும் கற்பிக்கவில்லை, கட்சியும் கற்பிக்கவில்லை.

தெரிந்தெடுக்கப்பட்ட ஆளுநர்

ஆளுநர் என்றாலே மேலிருந்து அனுப்பப்படுபவர்தானா, மக்களே தெரிந்தெடுக்கும் ஆளுநர் உலகில் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே ஒவ்வொரு மாநிலத்தின் ஆளுநரையும் அம்மாநில மக்களே நேரடியாக வாக்களித்துத் தெரிகின்றனர். அந்நாட்டின் நடுமேற்கிலே விஸ்கொன்சின் என்னும் மாநிலம் உண்டு. பாற்பண்ணைக்கும் தானியத்துக்கும் பேர்போன கமக்காரர் பூமி. அங்கே 1901 முதல் 1906 வரை ஆளுநராக இருந்தவர் றொபேட் லா பொலெற். கமக்காரர் குடும்பத்திலே பிறந்தவர், தொழிலாற் சட்டத்தரணி.

அக்காலத்தில் அம்மாநிலத்திலே புகையிரதக் கம்பனிகளும் மர வணிகரும் வைத்ததே சட்டம். கட்சியின் வேட்பாளரை மக்கள் தெரிவதில்லை. மாநாட்டு மண்டபத்திலே ஒரு சிலர் கூடித் தெரிவர். 1896 இலும் 1898 இலும் லா பொலெற்றுக்கு வேட்புரிமை மறுக்கப்பட்டது. மூன்றாம் முறை வென்றார். வென்றும் அவர் கொண்டுவந்த சட்டங்களைச் சொந்தக் கட்சி உறுப்பினரே தோற்கடித்தனர். அவர் என்ன செய்தார்? உறுப்பினரை நீக்கவுமில்லை, நள்ளிரவில் எவர் வாயிலுக்கும் போகவுமில்லை. ஊரூராகச் சென்று, கமக்காரர் கூடும் இடங்களிலே நின்று, அவ்வூர்ப் பிரதிநிதி எந்தச் சட்டத்துக்கு எவ்வாறு வாக்களித்தார் என்னும் பதிவை ஒவ்வொன்றாக வாசித்தார். வசைமொழி தேவைப்படவில்லை, பதிவே போதுமாயிருந்தது. 1904 இல் கட்சி வேட்பாளரை மக்களே தெரியும் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்பிலே ஏற்றனர். 1905 இல் புகையிரதக் கட்டணத்தைக் கண்காணிக்கும் ஆணைக்குழு வந்தது. சட்டங்களை வரைவதற்குப் பல்கலைக்கழகத்து அறிஞரை அழைத்து அமர்த்தினார்.

அவருக்கிருந்த அதிகாரம் கைதடிக்கு இருக்கவில்லை என்பது மெய். ஆயினும் பதிவை வாசிப்பதற்கு அதிகாரம் வேண்டியதில்லை. நாமும் ஒரு பதிவை இன்று வாசிப்போம்.

ஒரு பதிவு

2017 செப்டெம்பரிலே மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றும் திருத்தச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தது. பழைய முறை போய்த் தொகுதி முறை கலந்த புதிய முறை வந்தது. நமது கூட்டமைப்பு உறுப்பினரும் அதற்கு ஆதரவாக வாக்களித்தனர். புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வகுக்கவேண்டும். எல்லை வகுத்த அறிக்கை 2018 ஆகஸ்டிலே பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அதற்கு ஆதரவாக ஒரு வாக்கேனும் விழவில்லை. அதனைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை சட்டத்தில் இல்லை; புதிய முறைக்கு எல்லை இல்லை. ஆகவே தேர்தலும் இல்லை. ஓரிரு மாதத்தில் வட மாகாண சபையின் ஆயுள் முடிந்தது. ஆண்டுகள் பல கடந்தும் புதிய சபை தெரியப்படவில்லை. அதன்பின் சுரேன் ராகவன், பி. எஸ். எம். சார்ள்ஸ், ஜீவன் தியாகராஜா, நா. வேதநாயகன் எனத் தமிழரே ஆளுநராக நியமிக்கப்பட்டனர். அவர்களிற் சிலர் திறமையான நிருவாகிகள். ஆனால் திறமையைப் பற்றி நாம் பேசவில்லை. உரிமையைப் பற்றிப் பேசுகின்றோம். டைக் துரையும் திறமையானவர்தான். தமிழர் ஒருவர் அமர்ந்துவிட்டமையால் நியமன நாற்காலி தெரிவு நாற்காலி ஆகிவிடாது.

அரைகுறைச் சபை நமக்கு எதற்கு, அது சமஷ்டிக் கோரிக்கையை மழுங்கடிக்கும் என்போர் நம்மிடையே உள்ளனர். அவர்களது அச்சத்தை நாம் மதிக்கின்றோம். 13ஆவது திருத்தம் நமது இறுதி இலக்கு அன்று. அது நமது உரிமையின் முழுவடிவமும் அன்று. ஆனால் சபை இல்லாத இவ்வாண்டுகளிலே சமஷ்டி அண்மித்ததா? இல்லை. பாடசாலையும் மருத்துவமனையும் கமநலமும் பழைய பூங்காவின் பேனாவுக்கு முற்றாகச் சென்றன. உப்புக்கரிக்கும் கிணறாயினும் அதனைத் தூர்த்துவிட்டு மழையை எதிர்பார்த்திருப்பவன் கமக்காரன் அல்லன். அவன் கிணற்றையும் காப்பான், மழைக்கும் வரம்பு கட்டுவான்.

ஆகவே, அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர் எவராயினும், எக்கட்சியினராயினும், அவரிடம் நாம் மூன்று கேள்வி கேட்போம். முதலாவது: ஆளுநரின் அதிகாரத்தைக் குறைத்து முதலமைச்சரிடம் கொடுக்கும் திருத்தத்துக்காகக் கொழும்பிலே என்ன செய்வீர்? இரண்டாவது: முதல் நூறு நாளில் எந்தெந்த நியதிச்சட்டங்களைச் சபையில் வைப்பீர், அவற்றின் வரைவு எங்கே? மூன்றாவது: உங்களுக்குள் பிணக்கு எழுந்தால் எந்த வாயிலுக்குப் போவீர்?

கேள்வி கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. இங்கே அமர்ந்திருக்கும் சட்டத்தரணிகளே, அந்த வரைவுகளைத் தேர்தல் வருமுன் எழுதி வையுங்கள். பொறியியலாளரே, கணக்காளரே, மருத்துவர்களே, அவற்றுக்கு வேண்டிய கணக்கைத் தாருங்கள். 1974 முதல் நமக்கென்று ஒரு பல்கலைக்கழகம் உண்டு. அதன் விவசாய பீடம் கிளிநொச்சியிலே உண்டு. விஸ்கொன்சின் செய்ததை நாம் செய்யத் தடையென்ன? கமக்காரரே, உங்கள் கிணற்றின் உவரும், உங்கள் வெங்காயத்தின் விலையும், உங்கள் விடுபடாத காணியின் உறுதி இலக்கமும் அந்த வரைவிலே ஏறும்வரை ஓயாதீர்கள்.

விக்னேஸ்வரனின் ஐந்தாண்டு நமக்குச் சொல்வது ஒன்றே. நல்லவர் ஒருவரை அனுப்பினாற் போதும் என்று எண்ணினோம். நல்லவரை அனுப்பினோம், நாற்காலியைப் பாராது அனுப்பினோம், அனுப்பியபின் அவரை உரிமையோடு கேள்வி கேட்கவும் மறந்தோம், அவருக்குத் தோள் கொடுக்கவும் மறந்தோம். பழைய பூங்காவுக்கும் கைதடிக்கும் இடையே உள்ள தூரம் சில மைல்தான். ஆயினும் 1829 இலிருந்து நாம் அதனைக் கடந்துகொண்டே இருக்கின்றோம். எஞ்சிய தூரத்தை ஒருவரின் முதுகில் ஏறிக் கடக்கவியலாது. எல்லோரும் நடந்தே கடக்கவேண்டும்.